எனக்கு ஆள் இல்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை

என்ர மகளை நான் கொல்லப் பாத்தனான்.

இப்பிடித் தொடங்க வேண்டாம், கேக்கிற சனம் பயந்திடும், முருகன்ர கருணையில இருந்து தொடங்குங்கோ எண்டு வசந்தி சொன்னவ. வசந்தி என்ர மனுசி. அவ சொல்லுறது பெரும்பாலும் சரிதான். ஆனால் கருணையில இருந்து தொடங்கினால் நீங்கள் கண்ணை மூடித் தலையாட்டிப்போட்டு, பிரசாதத்தையும் வாங்கிக்கொண்டு போயிடுவியள். எனக்கு உங்களைத் தெரியும். அதனால நான் செய்த அநியாயத்தில இருந்தே தொடங்குறன். கருணை தன்ர பாட்டில வரும்.

இந்தக் கோயில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில என்னைத் தெரியாத ஆக்கள் குறைவு. வெள்ளவத்தையில இருபத்தெட்டு வருஷமா ஏ.எல். பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன். இஞ்ச இருக்கிற பாதிப் பேரின்ர பிள்ளையள் என்னட்டப் பேச்சு வாங்கித்தான் பாஸ் பண்ணினவை. படிச்சவங்களில எத்தினையோ பேர் டொக்டர்மார், லோயர்மார். ஒருத்தன் பொலிஸில பெரிய இடத்தில இருக்கிறான். இன்னொருத்தனுக்கு சுதாகர் எண்டு பேர் வைச்சுக்கொள்ளுங்கோ. அவன் டொக்டராகி, பிறகு சுகாதாரப் பக்கம் நிர்வாகத்துக்குப் போய், மேல ஏறி உக்காந்தவன். அவன் போன் எடுத்தால் ஆஸ்பத்திரியில கதிரையள் எழும்பி நிக்கும். கெமிஸ்ட்ரியில அவன் முதல் முறை எடுத்த மார்க்ஸை நான் இதில சொன்னால் மரியாதை இல்ல.

எனக்கு அதில சரியான எடுப்பு. ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. பிளாட்டில ஆருக்காவது ஒரு கஷ்டம் வந்தால் என்னட்டத்தான் வருவினம். நானும் உடன போனைத் தூக்கி, "பொறுங்கோ, அங்க எங்கட ஆள் இருக்கிறான்" எண்டு சொல்லுவன். அந்த வசனம் சொல்லேக்க வாற ருசி இருக்கே, பாயாசம் தோத்துப்போகும்.

சிரியாதேங்கோ. உங்களுக்கும் இந்த வியாதி இருக்கு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எடுக்க வேணுமோ, பாஸ்போர்ட் கெதியா வேணுமோ, முதல்ல "அங்க ஆர் இருக்கினம்?" எண்டுதானே கேக்கிறம். சண்டைக் காலத்தில அது உயிர்ப் பிரச்சினை. றோட்டில மறிச்சு ஏத்திக்கொண்டு போனால், சொல்ல ஒரு பெரிய மனிசன்ர பேர் இருந்தவன் பின்னேரம் வீட்டை வந்தான். பேர் இல்லாதவன்ர தாய் பொலிஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சா. அந்தப் பயத்தில பழகினது. சண்டை முடிஞ்சுது, பழக்கம் முடியேல்ல. பயத்துக்குப் பழகினதை இப்ப பெருமைக்கு வைச்சிருக்கிறம்.

சரி, விஷயத்துக்கு வாறன்.

போன வருஷம் ஆடி மாதம். என்ர மகள் துளசிக்குப் பதினேழு வயசு, எங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு பிள்ளைதான். ஒரு செவ்வாய்க்கிழமை ரியூசனால வந்தவள் தலையிடி எண்டு படுத்தாள். மூண்டு நாள் காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சுது. வெள்ளிக்கிழமை விடிய, காய்ச்சல் இல்ல. வசந்தி நெத்தியில திருநீறு பூசி, "விட்டிட்டுது அப்பா" எண்டு கத்தினா. எங்களுக்குச் சரியான சந்தோஷம். ஆனால் பிள்ளைக்குக் கை காலெல்லாம் குளிர்ந்து கிடந்தது. வயித்து நோ எண்டாள், சத்தி எடுத்தாள். எங்கட ஒழுங்கையில இருக்கிற டொக்டர் ரத்தத்தைப் பாத்திட்டு என்னைத்தான் பேசினார். டெங்குவில காய்ச்சல் விடேக்கதான் ஆபத்து தொடங்குறது, ஒரு நிமிஷமும் நிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, டெங்கு பாக்கிறதுக்கு அவங்கள்தான் சரி எண்டார்.

கொண்டு போனம். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ, அங்க ஒருத்தரும் பிழை விடேல்ல. பிழை முழுக்க என்ர.

அது பெண்கள் வார்ட். ஆம்பிளையள் மத்தியானமும் பின்னேரமும் பாக்கிற நேரத்துக்கு மட்டும்தான் உள்ளுக்கு வரலாம். அங்க பிரியந்தி எண்டு ஒரு நேர்ஸ், மிஸி எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. ஐம்பது வயசிருக்கும், தடிச்ச கண்ணாடி, சிரிப்பு எண்டது மருந்துக்கும் இல்ல. துளசியின்ர கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு கோப்பை, ஒரு அளவுச் சாடி, ஒரு தாள். பிள்ளை குடிக்கிறதையும் அளந்து எழுத வேணும், சலம் போறதையும் அளந்து எழுத வேணும். ஒவ்வொரு மணித்தியாலமும். டெங்குவில ரத்தக்குழாயில இருந்து தண்ணி கசியும் எண்டும், கசியிற அளவு பாத்துத்தான் குடுக்க வேணும் எண்டும், குறைஞ்சாலும் ஆபத்து, கூடினால் நெஞ்சுக்குள்ள தேங்கி மூச்சடைக்கும் எண்டும் அவள் எனக்குச் சிங்களத்தில வடிவா, ஆறுதலா, ஒரு முட்டாளுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னாள். நான் அவள் எண்டு சொல்லுறதைக் கவனிப்பியள். அண்டைக்கு என்ர மனசில அவ அவளாத்தான் இருந்தவ, அதை மாத்திச் சொன்னால் சாட்சி பொய்யாப் போயிடும்.

எனக்கு எரிச்சல். மில்லிலீட்டர் எண்டால் என்ன எண்டு எனக்கே படிப்பிக்கிறாளோ?

மணி அடிச்சுது. "மாத்தயா, வெளியில போங்க" எண்டாள். இன்னும் ஐஞ்சு நிமிஷம் எண்டன். "எல்லா அப்பாமாருக்கும் மகள்மார் இருக்கினம், போங்க" எண்டாள். நான் ஆரெண்டு தெரியுமோ எண்டு கேட்டன். கேட்டேனே! அவள் தாளில இருந்து தலையை நிமித்தேல்ல. "பதினாலாம் கட்டில் நோயாளியின்ர அப்பா" எண்டாள்.

வெளியில வந்து சுதாகருக்கு அடிச்சன். அரை மணித்தியாலம்கூட ஆகேல்ல, வார்ட்டுக்குப் போன் வந்திட்டுது. நான் எந்த நேரமும் போய் வரலாம். நெஞ்சை நிமித்திக்கொண்டு அவளுக்கு முன்னால நடந்து போனன். கதவை மட்டும் திறந்து பிடிச்சாள்.

இனி என்ர கெட்டித்தனத்தைக் கேளுங்கோ.

டெங்கு எண்டவுடன எங்கட சனம் என்ன செய்யும்? பப்பாசி இலை. பிளாட்டின்ர வொட்ஸ்அப்பில ஆளாளுக்கு வைத்தியம். மூண்டாம் மாடி அன்ரி இலையே கொண்டு வந்து தந்திட்டா. செவ்விளநீர் குடுங்கோ, உடம்பு குளிரும், ரத்தம் ஏறும் எண்டு ஒருத்தர். ஆஸ்பத்திரியில தண்ணி காணாமல் பிள்ளையைக் காயப் போடுறாங்கள் எண்டு இன்னொருத்தர். வசந்தி இலையை அரைச்சுப் பிழிஞ்சு செவ்விளநீரில கலந்து தந்தா. நான் அதை அரை லீட்டர் போத்தலில விட்டு, பேப்பரில சுத்தி, எந்த நேரமும் போகலாம் எண்ட துணிவில உள்ளுக்குக் கொண்டு போனன். திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குடுத்தன். துளசி, "அப்பா, மிஸி வேண்டாம் எண்டவ" எண்டாள். "மிஸிக்கு என்ன தெரியும், குடி" எண்டன். பிள்ளை குடிச்சாள். கசப்புத் தாங்கேலாமல் கண்ணால தண்ணி வந்துது, அப்பவும் குடிச்சாள். சனிக்கிழமை ஒரு நாளில நாலு போத்தல்.

உங்களில எத்தினை பேர் இதையே செய்திருக்கிறியள்? கை தூக்க வேண்டாம். முகத்தில தெரியுது.

சனிக்கிழமை பின்னேரம் அந்த மிஸி தாளைக் கொண்டு வந்து கட்டிலடியில நிண்டாள். "உள்ளுக்குப் போனது இவ்வளவு, வெளியில வந்தது இவ்வளவு. பொருந்தேல்ல. இந்தப் பிள்ளை வேற ஏதோ குடிக்கிறா" எண்டாள். துளசியைக் கேட்டாள். துளசி என்னைப் பாத்தாள். பாத்திட்டு, "இல்ல மிஸி" எண்டாள். என்ர மரியாதைக்காக அந்தப் பிள்ளை பொய் சொன்னாள். நான் அதைச் சொல்ல விட்டனான்.

விட்டதும் காணாமல், சத்தமும் போட்டன். வார்ட் முழுக்கக் கேக்க, "நாங்கள் தமிழர் எண்டபடியாத்தானே இந்தக் கேள்வி எல்லாம்? உங்கட ஆக்களை இப்பிடிக் கேப்பீங்களோ?" எண்டன். சிங்களத்தில தெளிவாச் சொன்னன். அந்த நியாயத்தை நான் எங்க எல்லாம் உண்மையா அழுது சொல்லியிருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு அதைக் கொண்டு வந்து ஒரு போத்தலை ஒளிக்கப் போர்வையா விரிச்சன். அதுக்கு எனக்கு இண்டைக்கும் வெக்கம்.

அவள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாள். "மாத்தயா, சலத்துக்குச் சிங்களம் தமிழ் தெரியாது. அது உள்ளதைச் சொல்லும்" எண்டாள். டொக்டருக்கு அறிவிக்கிறன் எண்டு தாளில என்னவோ எழுதினாள்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. வெளியில வந்து திரும்பவும் சுதாகர். "இந்த மனிசியை அந்த வார்ட்டில வைச்சிருக்காதை" எண்டன். அவன் சிரிச்சான். "கவலைப்படாதேங்கோ சேர். திங்கட்கிழமையில இருந்து அவ அங்க இருக்க மாட்டா" எண்டான். அண்டைக்கு நான் சந்தோஷமா வீட்டை வந்தனான். புட்டு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான். வசந்தி மட்டும், "என்னப்பா, குடுக்கிறதை டொக்டரிட்ட ஒருக்காக் கேப்பமே" எண்டா. "உனக்கு விசரே" எண்டு வாயை அடைச்சுப்போட்டன்.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஐஞ்சாவது போத்தலோட போனன். குடுத்தன். ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். துளசியால படுக்க ஏலேல்ல. எழும்பி இருந்து இரைச்சாள். சொண்டு நிறம் மாறிச்சுது. "அப்பா, மூச்சு..." எண்டாள். மிச்சம் சொல்ல ஏலேல்ல.

ஓடி வந்தினம். மூஞ்சியில ஒட்சிசன் மாட்டிச்சினம். ஒரு இளம் பெண் டொக்டர், என்ர பழைய மாணவியளின்ர வயசுதான், தாளைப் பாத்தா, நாடியைப் பாத்தா, போனில பெரிய டொக்டரோட கதைச்சா. பிறகு என்னைக் கூப்பிட்டா. அவவும் தமிழ்ப் பிள்ளைதான். மறைக்காமல் சொன்னா. "அங்கிள், ரத்தத்தின்ர தடிப்பு திடீரெண்டு குறைஞ்சிருக்கு. ஒண்டில் உள்ளுக்க ரத்தம் போகுது, இல்லாட்டி உடம்பில தண்ணி கூடிட்டுது. முதலாவதெண்டால் உடன ரத்தம் ஏத்த வேணும். ரெண்டாவதெண்டால் தண்ணியை வெளியில எடுக்க வேணும். ரெண்டும் ஒண்டுக்கொண்டு நேர்மாறு. மாறிச் செய்தால் தாங்க மாட்டா. மிஸி நேற்று ஒரு சந்தேகம் எழுதியிருக்கிறா. உண்மையைச் சொல்லுங்கோ. வெளியில இருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

அவவுக்குப் பின்னால பிரியந்தி மிஸி நிண்டாள். கையில தாள். முகத்தில ஒண்டும் இல்ல.

நான் "இல்ல" எண்டன்.

கேட்டியளோ? பிள்ளை அங்க மூச்சுக்கு அடிபடுறாள். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நான் அந்த நேரம் நினைச்சது துளசியை இல்ல. இவள் வெண்டிடுவாள் எண்டு நினைச்சன். வார்ட் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்கு, நேற்று அந்தக் கத்துக் கத்தினனான், இப்ப போய் ஓம் எண்டு சொல்லுறதோ எண்டு நினைச்சன். ஆளைக் கொல்லுறவங்களைப் பற்றிப் பேப்பரில வாசிக்கேக்க, எப்பிடி மனசு வருது எண்டு கேப்பம். இப்பிடித்தான் வருது. சின்ன மனசு போதும்.

"அப்ப உள்ளுக்க ரத்தம் போகுதெண்டுதான் எடுக்க வேணும். ஸ்கான் மெஷின் கொண்டு வரச் சொல்லியிருக்கு, ஆனால் கனக்கப் பிந்தேலாது. ரத்தத்துக்கு அனுப்புறன்" எண்டு டொக்டர் சொல்லிக்கொண்டே திரும்பிப் போனா.

நான் வெளியில ஓடினன். எதுக்கு? போன் எடுக்க. என்ர ஆக்களைப் பிடிச்சு, பிள்ளையை வேற இடத்துக்கு மாத்தி, இந்தக் கேள்வியே கேக்காத ஒரு டொக்டரைப் பிடிக்க! சுதாகருக்கு அடிச்சன், எடுக்கேல்ல. திரும்ப அடிச்சன். பிறகு அவன்ர மனுசிக்கு அடிச்சன். "சேர், அவர் விடிய வெள்ளனக் கதிர்காமத்துக்குப் போயிட்டார், கொடியேத்தம் எல்லோ, அங்க போன் பிடிக்காது" எண்டா. என்ர ஆள் முருகனைத் தேடிப் போயிட்டான். நான் ஆஸ்பத்திரி வாசலில நிண்டு அவனைத் தேடுறன். முருகனுக்கு என்ன பகிடி பாருங்கோ.

பொலிஸில இருக்கிறவன் எடுத்தான். "ஆரும் அடிச்சவங்களோ சேர்? இல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?" எண்டான். ஞாயம்தானே. பிறகு ஒரு டொக்டர், பெரிய பேர் எடுத்தவன், என்ர முதல் பட்ச் பெடியன். எடுத்தான், முழுக்கக் கேட்டான், ஆறுதலா ஒரு கேள்வி கேட்டான். "சேர், நீங்கள் வெளியில இருந்து ஏதும் குடிக்கக் குடுத்தனீங்களோ?" நான் போனைக் கட் பண்ணிட்டன்.

வசந்திக்கு மட்டும் நான் எடுக்கேல்ல. எடுத்தால் என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும்.

படிக்கட்டுக்குக் கீழ உடைஞ்ச கட்டில்களைக் குவிச்சு வைச்சிருக்கிற ஒரு மூலை. அங்க போய் நிண்டன். "முருகா" எண்டன். முதல்ல வாயில வந்தது பேரம். பிள்ளையைத் தா, காவடி எடுக்கிறன், கதிர்காமத்துக்கு நடந்து வாறன், வெள்ளியில வேல் செய்து தாறன். சொல்லிக்கொண்டு போகேக்கயே என்ர குரல் எனக்கு விளங்கிச்சுது. சுதாகரோட கதைக்கிற அதே குரல். அலுவல் பாக்கிற குரல். முருகனையும் நான் ஒரு ஆளாத்தான் வைச்சிருந்திருக்கிறன், போனில நம்பர் இல்லாத ஒரு ஆள்.

பேந்து கோபம் வந்துது. வாய்விட்டே பேசினன். "எத்தினை வருஷமாக் கந்தசஷ்டி பிடிக்கிறன், ஆறு நாளும் பட்டினி கிடக்கிறன், உனக்குக் கண் இல்லையோ? ஒரு பிள்ளையைத் தந்திட்டு அதையும் எடுக்கப் போறியோ? என்ன கோதாரிக்கு உனக்கு வேல்?" ஒரு அட்டெண்டன் மனிசி வாளியோட வந்தவ, என்னைப் பாத்திட்டு விலத்திப் போனா. நான் நிப்பாட்டேல்ல. எனக்குத் தெரிஞ்ச வசை எல்லாம் அவனுக்குக் குடுத்தன். பக்தியா அழுதன் எண்டு சொன்னால் உங்களுக்கு நல்லா இருக்கும். அப்பிடி நடக்கேல்ல. பேசினன்.

பேசி முடிய, உள்ளுக்க ஒண்டும் மிச்சம் இல்ல. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "முருகா, எனக்கு ஒரு ஆளும் இல்ல" எண்டன். ஐம்பத்தெட்டு வயசில முதல் தரம் அந்தச் சொல்லு என்ர வாயில வந்துது. "ஒருத்தரும் இல்ல. நீ பாத்துக்கொள்."

வெளிச்சம் வரேல்ல. மயில் அகவேல்ல. இந்த மாதிரி இடத்தில மற்றவை என்ன என்னவோ கண்டதாச் சொல்லுவினம், எனக்கு ஒண்டும் தெரியேல்ல. ஒண்டே ஒண்டுதான் நடந்துது. வெக்கம் போயிட்டுது. ஆர் பாக்கினம், ஆர் சிரிக்கினம், ஆர் வெல்லுறது எண்டு என்ர கழுத்தைப் பிடிச்சிருந்த கை விட்டிட்டுது. நான் எடுத்து எறியேல்ல. அதை எறியிற பலம் எனக்கு இல்லையெண்டு கொஞ்ச நேரத்துக்கு முதல்தான் நிரூபிச்சனான். பிள்ளையின்ர உயிரைக் காட்டிக் கேட்டும் என்னால இறக்கேலாத சுமையை ஆரோ இறக்கி வைச்சினம். அது ஆரெண்டு எனக்குத் தெரியும்.

கால் தன்ர பாட்டில ஓடிச்சுது. ரத்தப் பையைக் கொண்டு வந்து கொழுவப் போகினம். நான் வார்ட் நடுவில நிண்டு, எல்லாருக்கும் விளங்கட்டும் எண்டு சிங்களத்திலயே கத்தினன். "நான் பொய் சொன்னனான். குடுத்தனான். அரை லீட்டர் போத்தல் ஐஞ்சு. நேற்று நாலு, இண்டைக்குக் காலமை ஒண்டு. இளநீரும் பப்பாசிச் சாறும். மிஸி சொன்னது முழுக்கச் சரி. பிள்ளை எனக்காகத்தான் பொய் சொன்னவள்."

டொக்டர் என்னைப் பாத்த பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். ரத்தப் பையைக் கையால விலக்கிவிட்டு, தண்ணி எடுக்கிற ஊசி கேட்டா. பிரியந்தி மிஸி... அவ... அவ ஊசியை ஏற்கெனவே தட்டில எடுத்து வைச்சிருந்தவ. ஆரும் ஓம் எண்டு சொல்லும் வரைக்கும் அதோட காவல் நிண்டிருக்கிறா.

மத்தியானம் வசந்தி வரேக்க துளசி சாய்ஞ்சு படுத்திருந்தாள். பின்னேரம் ஒட்சிசனைக் குறைச்சினம். வசந்தியிட்ட நடந்ததைச் சொன்னன். அவ என்னை அடிக்கேல்ல, அடிச்சிருக்கலாம். துளசியின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்து அழுதா. புதன்கிழமை பிள்ளையை வீட்டை கூட்டிக்கொண்டு வந்தம். இப்ப அவள் ஏ.எல். எழுதிட்டு இருக்கிறாள். கெமிஸ்ட்ரிக்கு என்னட்ட வர மாட்டன் எண்டு வேற மாஸ்டரிட்டப் போனவள். பரவாயில்ல. உயிரோட போனவள்.

கதை முடிஞ்சுது எண்டு எழும்பாதேங்கோ, ஐயா. இருங்கோ.

திங்கட்கிழமை காலமை ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு அந்த மிஸியிட்ட மன்னிப்புக் கேக்க வார்ட்டுக்குப் போனன். அவ இல்ல. "மாத்திட்டாங்கள், இரத்மலானைப் பக்கம் ஒரு கிளினிக்குக்கு. ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு மற்ற மிஸி சொன்னா. எனக்குத் தெரியும். என்ர மகள் மூச்சுக்கு அந்தரிக்கேக்க ஒரு சதத்துக்கும் உதவாத என்ர செல்வாக்கு, ஒரு நல்ல மனிசியைத் தூக்கி எறிய மட்டும் நேரத்துக்கு வேலை செய்திருக்கு. சுதாகர் கதிர்காமத்துக்குப் போக முதலே அந்த அலுவலை முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறான். கெட்டிக்காரன். நான் படிப்பிச்ச பிள்ளை.

துளசி வீட்டை வந்த கையோட நானும் வசந்தியும் இரத்மலானைக்குப் போனம். மிஸி வெளிநோயாளருக்கு நம்பர் குடுத்துக்கொண்டிருந்தா. அந்த வார்ட்டில மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் உயிரை அளந்த மனிசி, அங்க துண்டு கிழிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தா. நான் சொன்னன், "மிஸி, உங்களை மாத்தினது நான்தான்." "தெரியும்" எண்டா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு வசந்தி கும்பிட்டா. நான் உடன, "ஒரு போன் எடுத்தால் நாளைக்கே திரும்ப வரலாம், நான் இப்பவே..." எண்டு போனைத் தூக்கினன். பாருங்கோ என்ர புத்தியை. அவ்வளவு நடந்தும் கை போனுக்குத்தான் போகுது.

அவ என்ர கையையே பாத்தா. "போன் எடுக்காதீங்க, மாத்தயா" எண்டா. "உங்கட போனால நான் இஞ்ச வந்தன். உங்கட போனால திரும்பிப் போனால், பிறகு நான் உங்கட ஆள். எனக்கு அது வேண்டாம். நான் முறைப்பாடு எழுதிக் குடுத்திருக்கிறன். அது நடக்கும், நடக்காமலும் போகும்." பிறகு கேட்டா, "துளசி இப்ப சாப்பிடுறாவோ?" ஓம் எண்டன். "அது காணும்" எண்டா. கேக் பெட்டியைத் தொடேல்ல. அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.

மன்னிச்சன் எண்டு அவ சொல்லேல்ல. பஸ்ஸில வரேக்க எனக்குத் திரும்பவும் கோபம், உண்மையைச் சொல்லுறன். நான் இவ்வளவு தூரம் வந்து கேட்டும் ஒரு வார்த்தை சொல்லுறாவோ எண்டு. வசந்தி ஜன்னல் பக்கம் பாத்துக்கொண்டு, "அவ ஏன் சொல்ல வேணும்?" எண்டா. பம்பலப்பிட்டி வரும் வரைக்கும், இறங்கிற இடம் தாண்டினதும் தெரியாமல், அதையே யோசிச்சுக்கொண்டிருந்தன்.

ஆபத்தில முருகன் எனக்கு உதவி அனுப்பினவன். நான் கூப்பிட முதலே, வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டான். தடிச்ச கண்ணாடி போட்டு, கையில தாளோட, எனக்குப் பிடிக்காத பாஷையில, எனக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லிக்கொண்டு நிண்டது. நான் என்ர ஆளை வைச்சு அவன்ர ஆளைத் துரத்தினன். அப்பிடியும் என்ர பிள்ளையைத் தந்தான். இதை என்னெண்டு சொல்லுறது? ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதத் தெரிஞ்ச எனக்கு இதுக்குத் தெரியேல்ல.

பிளாட்டில இப்பவும் வந்து, "மாஸ்டர், அங்க ஆர் இருக்கினம்?" எண்டு கேக்கினம். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுறன். கோபிக்கினம். கோபிக்கட்டும். நான் டொக்டரிட்டப் போக வேண்டாம் எண்டு சொல்லேல்ல, அலுவலகத்துக்குப் போக வேண்டாம் எண்டு சொல்லேல்ல. போங்கோ. வரிசையில நில்லுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. பயமாத்தான் இருக்கும், எனக்கும் இருக்கு. போன கிழமை வசந்திக்கு நெஞ்சு நோ எண்டவுடன என்ர கை போனுக்குப் போய், சுதாகர்ர பேரைத் தடவிட்டு வந்துது. கையை மடியில வைச்சுக்கொண்டு, முருகா எண்டு சொல்லிக்கொண்டு, நம்பர் எடுத்து இருந்தம். நாற்பத்தோராம் நம்பர். வாய்வுதான், ஒண்டும் இல்ல எண்டு அனுப்பினவை. ஆனால் அந்த நாற்பது நம்பரும் போகும் வரைக்கும் நான் கும்பிட்ட கும்பிடு, கந்தசஷ்டி ஆறு நாளும் சேத்துக் கும்பிட்டதில இல்ல.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஞ்ச ஒரு அர்ச்சனை செய்யிறன். முதல் தரம் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆற்ர பேருக்கு?" எண்டார். பிரியந்தி எண்டன். நிமிர்ந்து பாத்தார். "நட்சத்திரம்?" தெரியாது எண்டன். "உங்களுக்கு என்ன முறை?" எண்டார். என்ன சொல்ல? "நான் ஆளை வைச்சு அநியாயம் செய்த மனிசி, ஐயா" எண்டன். உள்ளுக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லி மணியடிச்சார். அவவின்ர முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் வரேல்ல.

வாற வெள்ளிக்கிழமை நீங்களும் ஒரு தட்டு வாங்குங்கோ. உங்கட பேருக்கும் பிள்ளையளின்ர பேருக்கும் மட்டும் செய்தது காணும். உங்கட பெரிய ஆக்களைக் கொண்டு நீங்கள் தள்ளி விழுத்தின ஒராளின்ர பேரைச் சொல்லுங்கோ. யோசிக்கிறியள் போல. அந்தப் பேர் கெதியா வரும், எனக்கும் கெதியாத்தான் வந்துது.